பன்னிரண்டாம் மரத்துக்கு நேரே

ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேஷானி மிஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். பிரதேச சபையின் தொழில்நுட்ப அலுவலர் அவர். வயது முப்பதைத் தாண்டியிராது. தோளில் ஒரு பை, கையில் கிளிப் போட்ட அட்டை. அங்கே காத்து நின்ற தோட்டத்துப் பெரியவர் தம்பையாவைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

“சரி அங்கிள், மயானம் எங்க இருக்கு?”

மயானத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டுதான் அப்படிக் கேட்டார்.

தம்பையாவின் முகத்தில் சிரிப்பு இருந்தது. விடியற்காலையில் குளித்து, திருநீறு பூசி, கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டும்போது ஏறிய சிரிப்பு அது. இப்போது இறங்க வழி தெரியாமல் அப்படியே நின்றது. அவர் நின்ற அரை ஏக்கர் நிலமும் அவரைப் போலவே சிங்காரித்துக்கொண்டு இருந்தது. புல்லை மொட்டை அடித்தாற்போல் வெட்டியிருந்தார்கள். மேடுகளை மண்வெட்டியால் இழுத்துச் சமன் செய்து, ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டியிருந்தார்கள். நடைபாதையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த கற்கள் அளவெடுத்தது மாதிரி வரிசையாக இருந்தன. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியை அங்கேயே நடத்தியிருக்கலாம்.

“இதுதான் மிஸ் மயானம். நீங்க நிக்கிறது மயானத்துலதான்,” என்றார் தம்பையாவும் சிங்களத்தில்.

மிஸ் சட்டென்று காலை ஒடுக்கிக்கொண்டார். “ஐயோ, நான் யார் மேலயாவது நிக்கிறேனா?” என்று கேட்டார்.

விஷயம் இதுதான். மயானங்களைப் பற்றிச் சபை ஒரு உபவிதி கொண்டுவருகிறது. இனிமேல் கண்ட இடத்தில் பிணம் புதைக்கக் கூடாது; உபவிதியின் கடைசியில் உள்ள அட்டவணையில் எந்தெந்த மயானத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே மட்டுந்தான் புதைக்கலாம், எரிக்கலாம். சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. கிணற்றோரத்திலும் ஓடைக்கரையிலும் குழி வெட்டினால் குடிக்கிற தண்ணீர் என்ன ஆவது? ஆனால் அட்டவணையில் இருந்த இருபத்து மூன்று மயானங்களில் மில்லகொட ரப்பர் தோட்டத்து மயானம் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. அப்படி ஒரு மயானம் இருப்பதே சபையில் யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் பிறந்தவர்களைத் தோட்டமே பேரேட்டில் எழுதி, தோட்டமே வேலை வாங்கி, செத்தால் தோட்டமே ரப்பர் மலை ஓரத்தில் இடம் காட்டிவிட்டது. சபைக்கு அங்கே என்ன வேலை?

கண்டுபிடித்தது விஜயகலா. தோட்டத்திலிருந்து சபைக்குப் போன ஒரே உறுப்பினர். மாதக் கூட்டத்தில் மற்றவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் அட்டவணையை மேலிருந்து கீழாக ஒருதரம், கீழிருந்து மேலாக ஒருதரம் படித்துவிட்டு எழுந்து நின்று கேட்டிருக்கிறாள்: “எங்க ஆளுங்க செத்தா எங்க போறது?” சபைக்குத் தலைமை தாங்கும் தவிசாளர் நல்ல மனிதர். “மயானம் இருக்குன்னா சேத்துக்குவோம். டெக்னிக்கல் ஆபீசர் போய்ப் பார்த்து, அங்க ஆட்களைப் புதைச்சிருக்கிறது உண்மைதான்னு எழுதி, வரைபடம் தரட்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு,” என்று சொல்லிவிட்டார். தோட்டத்து மேனேஜர் துரையும் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் தோட்டத்துக்கு நடந்ததே கிடையாது. அந்தச் சந்தோஷத்தில்தான் தம்பையாவுக்குப் புத்தி கொஞ்சம் தடம் புரண்டது என்று சொல்ல வேண்டும்.

அட்டவணையில் சேராவிட்டால், டவுனில் உள்ள பொது மயானத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் போக வேண்டும். மற்றவர்களுக்கு அது தூரக் கணக்கு. தம்பையாவுக்கு வேறு கணக்கு இருந்தது. அவருடைய மனைவி தங்கம்மா இங்கே படுத்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற இடத்தை இவர் யாருக்கும் விடாமல் வைத்திருந்தார். தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் குழி வெட்டுகிறவர்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, “அந்தப் பக்கம் கைய வைக்காதீங்கப்பா, அது என் எடம்,” என்பார். கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி இந்த மனுஷன் மயானத்தில் இடம் பிடிக்கிறாரே என்று சனங்கள் சிரிக்கும். சிரித்தாலும் யாரும் அங்கே மண்வெட்டியை வைத்ததில்லை.

அப்படிப்பட்டவர் செய்த காரியத்தைத்தான் சொல்ல வேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம் ஒன்று உண்டு. பெரிய ஆள் யாராவது பார்க்க வருகிறார் என்றால் உடனே மண்வெட்டியைத் தூக்குவார்கள். அந்தக் காலத்தில் வி.ஏ. வருகிறார் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் சொன்னால் போதும். கம்பனிக்காகத் தோட்டத்தைச் சோதிக்க வருகிற அந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே போனாலும், லயத்து வீட்டு வரிசைகளின் சாக்கடைக் கான் எல்லாம் கழுவி, பாதையோரப் புல் வெட்டி, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருக்கும். தம்பையா பத்து வயதிலிருந்து அப்படி வரவேற்று வரவேற்றுப் பழகியவர். சபையிலிருந்து அதிகாரி வருகிறார் என்று விஜயகலா சொன்னதும் அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் என்று கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்.

முப்பது பேர் வந்தார்கள். சதீஸ் என்ற பையன் புல் வெட்டுகிற மெஷினைக் கொண்டுவந்தான். மயானம் முழுக்கக் குரோட்டன் செடிகள் நின்றன. தோட்டக் காணியில் சீமெந்தால் சமாதி கட்ட எந்தக் காலத்திலும் அனுமதி இல்லாததால், ஆளைப் புதைத்ததும் தலைமாட்டில் ஒரு கல்லை வைத்து, ஒரு குரோட்டன் கிளையை ஒடித்து நடுவது வழக்கம். சிவப்பு, மஞ்சள், புள்ளி போட்டது என்று ஆளுக்கு ஒரு நிறம். இத்தனை வருஷத்தில் அது காடாக மண்டிக் கிடந்தது. “மிஸ் வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க? ஒண்ணயும் பாக்காத தம்பி, எல்லாத்தயும் அடி!” என்று உத்தரவு போட்டுவிட்டு, தம்பையா சுண்ணாம்பு வாங்க பஜாருக்குப் பஸ் ஏறினார். மயானத்துக்கு என்று கேள்விப்பட்டதும் கடைக்கார லாபிர் நானா பணம் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது நிலம் பளிச்சென்று இருந்தது. சிதறிக் கிடந்த கற்களை எல்லாம் பொறுக்கிப் பாதையோரம் அடுக்கியிருந்தார்கள். இவர் தன் கையாலேயே அவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அப்போதும் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரே ஒருத்திதான் தடுத்துப் பார்த்தாள். அடுத்த லயத்து இலட்சுமி. மயானத்தை ஒட்டிய ரப்பர் வரிசையில் பால் வெட்டுகிறவள். “மாமா, குரோட்டன வெட்டாதீங்க, அப்பறம் யாரு எங்கன்னு தெரியாமப் போயிரும்,” என்று எல்லைக்கு வெளியே நின்று சத்தம் போட்டாள். “பொம்பளைக்கு மையானத்துல என்ன பேச்சு? போயி தண்ணி கொண்டா,” என்று தம்பையா விரட்டினார். அவளும் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இப்போது கேஷானி மிஸ் அட்டையில் எதையோ எழுதப் போய், எழுதாமல் நிறுத்தினார். கூடவே வந்திருந்த விஜயகலாவைப் பார்த்தார்.

“மெம்பர், எனக்குச் சேர்க்கக் கூடாதுன்னு இல்ல. ஆனா ஒரு குழியாவது, ஒரு அடையாளமாவது இருக்கணுமே. இத பாத்து நான் வெறும் காணின்னுதான் எழுத முடியும்.” பாதையோரம் கையைக் காட்டினார். “இந்தக் கல்லெல்லாம் என்ன?”

தம்பையா தொண்டையைச் செருமினார். “அது… தலைமாட்டுக் கல்லுங்க மிஸ்.”

“யாரோடது?”

“எல்லார்தும்.”

விஜயகலா அவர் பக்கம் திரும்பித் தமிழில், மெதுவாகக் கேட்டாள். “மாமா, குரோட்டன் எல்லாம் எங்க?”

அந்த நேரத்தில்தான் தம்பையாவுக்குத் தங்கம்மாவின் குரோட்டன் ஞாபகம் வந்தது. மஞ்சளில் சிவப்புப் புள்ளி போட்டது. பங்களாத் தோட்டத்திலிருந்து, காவல்காரர் பார்க்காத நேரத்தில் ஒடித்துக்கொண்டு வந்து நட்டது. ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியது. எல்லாத்தையும் அடி என்று சொன்னபோது, அந்த எல்லாவற்றிலும் அதுவும் இருக்கிறது என்று அவருடைய மண்டைக்கு ஏறவே இல்லை. கண்ணை ஓட்டினார். பலாமரம் தெரிந்தது. பலாமரத்திலிருந்து எத்தனை எட்டு? அவர் எண்ணியதே இல்லை. செடி இருக்கும்போது யார் எட்டு எண்ணுவார்கள்? நூறு வருஷத்து ஆட்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் துடைத்துப் போட்டுவிட்டேனே, பாவி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மணி ஒன்பதரை இருக்கும். பால் வெட்டி முடித்து, சிரட்டையில் பால் வடிவதற்காகக் காத்திருக்கிற நேரம். அந்த ஒரு மணி நேரந்தான் பெண்களுக்கு ஓய்வு. ஏழெட்டுப் பேர் ரப்பர் வரிசையின் ஓரத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டிலிருந்து பாடை எடுத்தால் பெண்கள் லயத்து வளைவோடு நின்றுவிடுவார்கள். மயானத்துக்குள் வருவது வழக்கம் இல்லை; விஜயகலா வந்தது சபை வேலையாக. அவர்கள் எல்லையில் நின்றது அதனால்தான்.

இலட்சுமி வெட்டுக் கத்தியைப் பக்கத்தில் நின்ற கிருஷ்ணகுமாரியிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். கடைசி வரிசை ரப்பர் மரங்களை விரலால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்து, எட்டாவது மரத்துக்கு நேரே திரும்பி, மயானத்துக்குள் பதினைந்து எட்டு நடந்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

“மிஸ்,” என்று சிங்களத்தில் கூப்பிட்டாள். “எங்க அம்மா இங்கதான் இருக்கு. பேரு மாரியாயி. எழுதிக்கங்க.”

தம்பையா வாயைத் திறந்தார். வழக்கம் ஒன்று இருக்கிறதே என்று சொல்லத்தான் திறந்தார். பிறகு, நீ செய்த வேலைக்கு இனி வழக்கம் வேறு பேசுவாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டு மூடிக்கொண்டார்.

மிஸ் நம்பாமல் பார்த்தார். “எப்படித் தெரியும் அக்கே? ஒண்ணுமே இல்லையே இங்க.”

“அம்மாவ கொண்டாந்தப்ப என்னய உள்ள விடல மிஸ். அடுத்த நாள் வெட்டுக்கு வந்தேன். எட்டாவது மரத்த வெட்டிட்டுத் திரும்புனா நேரே புது மண்ணு. பதினேழு வருஷம் ஆச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த மரத்துக்குப் போறேன். எப்படி மறக்கும்?”

சொல்லிவிட்டு வரிசையின் ஓரத்தைப் பார்த்துத் தமிழில் கத்தினாள். “என்ன பொம்மையாட்டம் நிக்கிறீங்க? ஏ கிருஷ்ணகுமாரி, ஒங்க மாமனாரு மூணாவது மரம்தானே? வந்து நில்லு புள்ள!”

கிருஷ்ணகுமாரி தம்பையாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, பிறகு இரண்டு பேர். யாரோ செல்போனில் மேல் மலைக்குச் சொல்லிவிட்டார்கள் போல. ரப்பர் மரங்களுக்கு இடையிலிருந்து பெண்கள் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டே இருந்தார்கள். பால் கறை படிந்த சட்டைகளோடு, இடுப்பில் கட்டிய சாக்கோடு. அந்த வரிசையை இலட்சுமிக்கு முன்னால் வெட்டியவர்கள், அதற்கும் முன்னால் வெட்டியவர்கள், பென்ஷன் வாங்கி வீட்டில் இருந்தவர்கள்கூட வந்தார்கள். ஒவ்வொருத்தியும் மரத்தை எண்ணினாள், திரும்பினாள், நடந்தாள், நின்றாள். சில இடத்தில் சின்னத் தகராறும் வந்தது. “அது எங்க அண்ணன்டி, ஒங்க தாத்தா ஒரு அடி தள்ளி,” என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கையைப் பிடித்து நகர்த்தி வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறும் நிலம் ஆட்களால் நிரம்பியது.

கேஷானி மிஸ் அடுத்த இடத்துக்குப் பத்தரை மணிக்குப் போக வேண்டும் என்று வந்ததும் சொல்லியிருந்தார். போனை எடுத்து யாரிடமோ, “இன்னைக்கு வர முடியாது, இங்க நிறைய பேர் இருக்காங்க,” என்றார். ஸ்கூட்டருக்குப் போய்ப் பெரிய தாள் ஒன்றை எடுத்துவந்து விரித்தார். இலட்சுமியிடம் போய், “அக்கே, நான் யாரையும் மிதிக்காம எந்த வழியா நடக்கணும்னு முதல்ல சொல்லுங்க,” என்று கேட்டார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அந்தப் பிள்ளை நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும் என்று தம்பையா நினைத்துக்கொண்டார். தோட்டத்துக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். எங்கே காலை வைக்க வேண்டும் என்று கேட்ட ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை. விஜயகலா பெயர்களைச் சொல்லச் சொல்ல, மிஸ் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். செல்லையா, இரண்டாவது மரம். பெயர் வைக்காமலே போன ஒரு கைக்குழந்தை, ஆறாவது மரம். அந்தத் தாய் பெயர் இல்லையே என்று தயங்கினாள். பரவாயில்லை, அம்மா பெயரைச் சொல்லுங்கள், இன்னாருடைய பிள்ளை என்று எழுதுகிறேன் என்றார் மிஸ். அவள் சொன்னாள். எழுதியதைத் தாளில் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். தம்பையா மட்டும் பாதையில், சுண்ணாம்புக் கற்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையோடு நின்றார். போய் நிற்க அவருக்கு இடம் தெரியவில்லை. பலாமரத்தை நோக்கி நாலு எட்டு வைத்தார். பிறகு இடது பக்கம் திரும்பினார். இல்லை, இது இல்லை. இரண்டு எட்டு பின்னால் வந்தார். ஐம்பது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. என் இடம் என் இடம் என்று ஊரைக் கூட்டியவன், பெண்டாட்டி எங்கே கிடக்கிறாள் என்று தெரியாமல் முழிக்கிறான்; சிரித்துத் தொலைக்கலாம் அல்லவா?

இலட்சுமி தன் அம்மாவின் இடத்தைவிட்டு வந்தாள். அந்த இடத்தில் தன் மகளை நிறுத்திவிட்டுத்தான் வந்தாள். தம்பையாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“வாங்க மாமா. பன்னெண்டாவது மரம்.”

பன்னிரண்டாம் மரத்துக்கு நேரே கொண்டுபோய், “இன்னும் ஒரு எட்டு. ஆங், இங்க. அத்தைக்குத் தல தெக்க இருக்கு,” என்றாள்.

“ஒனக்கு எப்படிப் புள்ள தெரியும்?” என்று கேட்டார் தம்பையா.

“தெரியாம? அத்தகிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுத்தானே பதிமூணாவது மரத்துக்குப் போவேன். இன்னைக்குக் காலையிலகூட ஒங்களப் பத்தி நல்லாத் திட்டிட்டுத்தான் போனேன்.”

தம்பையாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்தப் பெண்ணைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி விரட்டியது ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாகத் தான் வெள்ளிக்கிழமைக்கு ஒருதரம் வந்துபோனதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் தங்கம்மாவுக்குப் பேச்சுத்துணை இருந்திருக்கிறது. தனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. தங்கம்மா சும்மா இருக்க மாட்டாத வாயாடி. தனியாகப் படுத்திருக்கிறாளே என்று அவர் எத்தனையோ இரவு உழன்றிருக்கிறார். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. வயதில் சின்னவளைக் கும்பிட்டால் அவளுக்கு ஆகாது என்பதால், தலையில் கையை வைத்தார்.

“ஒனக்குப் புண்ணியமாப் போகும் தாயி,” என்றார்.

மிஸ் அங்கே வந்து சேர்ந்தபோது தாளில் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பெயர் கேட்டார். தம்பையா முழுப் பெயராகச் சொன்னார், அழுத்தம் திருத்தமாக, ஒரு எழுத்தும் விட்டுப்போகாமல். மிஸ் கட்டம் போட்டு எழுதினார். பிறகு பக்கத்தில் யாரும் நிற்காத இடத்தைப் பென்சிலால் காட்டினார்.

“இங்க யார்?”

“அது காலிதான் மிஸ்.” சிங்களத்தில் சொல்ல வந்த வார்த்தை கொஞ்சம் சிக்கியது. “அது எனக்கு.”

மிஸ் அவரைப் பார்த்தார். பென்சிலைத் தாளில் வைத்து, நேர்க்கோடாக இல்லாமல், சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து ஒரு கட்டம் போட்டார். இனிமேல் புதைப்பதற்கு உள்ள இடத்தையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று உபவிதியில் இருக்கிறது, அதனால் இது தேவைதான் என்று, யாரோ காரணம் கேட்ட மாதிரி, விஜயகலாவிடம் விளக்கினார். பெயர் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்காகவும் தம்பையாவுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது.

“செவ்வாய்க்கிழமை கை தூக்குறது மெம்பர்மாரோட வேலை, அங்கிள். என்னால சொல்ல முடியாது. ஆனா நான் பாத்தத எழுதுவேன்,” என்றார் மிஸ். பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தார். அதன் நுனியை இழுத்து அவர் கையில் கொடுத்தார். “எல்லை அளக்கணும். இத இங்கயே, தரையோட அழுத்திப் பிடிச்சுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்க வேணாம்.”

தம்பையா வெள்ளை வேட்டி மண்ணில் படக் குந்தினார். தங்கம்மாவின் தலைமாட்டில் நாடாவின் நுனியை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். மிஸ் சுருளைப் பிடித்துக்கொண்டு, இலட்சுமி காட்டிய வழியாக, ஆட்களுக்கு இடையில் வளைந்து வளைந்து தூரத்து எல்லைக்கு நடந்தார். பிறகு நாடாவை இழுத்து நேராக்கினார். அது தரையைவிட்டு எழும்பி விறைத்துக்கொண்டு நின்றபோது, வழியில் நின்ற பெண்கள், தங்கள் இடத்தைவிட்டு நகராமல், ஒருவர் பின் ஒருவராக ஒரு காலை மட்டும் தூக்கி அதற்கு வழி விட்டார்கள்.